வெடித்த கரிசலில் தெளித்த களைக்கொல்லி எங்கே போகிறது?

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கரிசல் காடுகளில் மக்காச்சோளம் விதைத்த மூன்றாம் நாள் அட்ரசின் என்ற களைக்கொல்லியைத் தெளிப்பது வழக்கமாகிவிட்டது. களை சாகவில்லை என்றால் "மருந்து போலியா சார்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். போலியும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தெளித்த அன்று நிலம் எப்படி இருந்தது, அடுத்த மழை எப்போது வந்தது என்பதைத்தான் நான் முதலில் விசாரிப்பேன்.

கரிசல் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அந்த நிலத்தில் மருந்து தெளித்த கையோடு கனமழை கொட்டினால், தண்ணீர் மெல்ல ஊறாது. மேலே கிடக்கும் மருந்தைக் கரைத்துக்கொண்டு வெடிப்பு வழியே நேராக இறங்கிவிடும். மருந்தைப் பிடித்துவைக்கும் மட்கும், சிதைக்கும் நுண்ணுயிர்களும் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் இருக்கின்றன. அதைத் தாண்டிய மருந்து களையையும் கொல்லாது, சீக்கிரம் சிதையவும் சிதையாது.

அட்ரசின் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 33 மில்லிகிராம் கரையும். பெண்டிமெத்தலின் என்ற இன்னொரு களைக்கொல்லி 0.3 மில்லிகிராம்தான் கரையும், மண்ணை இறுகப் பற்றிக்கொள்ளும். ஆனாலும் அது ஒட்டியிருக்கும் நுண்மண்ணையே மழை அடித்துக்கொண்டு போகலாம்.

அமெரிக்காவில் குடிநீரில் அட்ரசினுக்கு வரம்பு லிட்டருக்கு 3 மைக்ரோகிராம். அதாவது 3 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்கு மேல் கொண்டுபோக ஒரே ஒரு கிராம் போதும். நிலத்தடி நீரில் சேர்வதால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் இதற்கு அனுமதி மறுத்தது. வயல் கிணற்றிலிருந்தே குடிக்கத் தண்ணீர் எடுக்கும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

மழை வரும் வரிசையும் முக்கியம். முதலில் ஒரு லேசான தூறல் விழுந்தால் மருந்து மண்கட்டிகளுக்குள் ஊறி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் வரும் பெருமழை வெடிப்பு வழியே ஓடினாலும் அவ்வளவு மருந்தை எடுத்துப் போகாது. இறவையில், அதாவது பாசன நிலத்தில், மருந்து மண்ணில் ஒட்டும்படி நாமே செய்யலாம்: மேல்மண்ணை உழுது வெடிப்பின் வாயை உடைத்து, கட்டியில்லாமல் விதைத்துத் தண்ணீர் விட்டு, ஈரம் இருக்கும்போது தெளிக்க வேண்டும். மானாவாரியில் ஒரு மழை பெய்ததும் வெடிப்பின் வாய் மூடியதுபோல் தெரிந்தாலும் அடியில் அது திறந்தே இருக்கலாம். அதனால் அங்கும் விதைப்புக்கு முன் ஒரு மேலுழவு அவசியம்.

செம்மண்ணில் கதை வேறு. மேலே பொருக்கு கட்டியிருந்தால் தண்ணீர் இறங்காது, மருந்தோடு பக்கவாட்டில் ஓடை, ஏரி என்று போய்ச் சேரும்.

ஓரிரு நாளில் கனமழை என்று வானிலை அறிவிப்பு இருந்தால் தெளிக்காதீர்கள். களை முளைக்குமுன் தெளிக்கும் நாள் தவறினால் தவறட்டும். மக்காச்சோளத்தில் களை முளைத்தபின் தெளிக்க டெம்போட்ரையோன் இருக்கிறது, கைக்களையும் இருக்கிறது.