ஆர்வம் போய்விட்டது என்று பிள்ளையை அழைத்து வருகிறவர்களுக்கு

இந்த மாதத்தில் இது நான்காவது பிள்ளை. 12 வயதுப் பெண், பாட்மின்டன் ஆடுகிறாள், 7 வயதில் ராக்கெட் பிடித்தவள். (அடையாளம் தெரியக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பயிற்சி இருக்கிற நாட்களில் காலையில் வயிற்று வலி, பயிற்சி இல்லாத நாளில் வலி கிடையாது. குழந்தை மருத்துவர் பார்த்து, ஸ்கேன் எடுத்து, வயிற்றில் கோளாறு ஒன்றும் இல்லை என்று உறுதி செய்த பிறகு என்னிடம் அனுப்பியிருக்கிறார். அப்பா உட்கார்ந்ததும் சொன்ன முதல் வாக்கியம்: "நல்லா ஆடிட்டு இருந்த பொண்ணு மேடம், இப்ப ஆர்வமே இல்ல, நீங்கதான் கொஞ்சம் மோட்டிவேட் பண்ணி விடணும்."

அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா வெளியே போன பிறகும் ரொம்ப நேரம் பேசவில்லை. கடைசியில் மற்ற கேள்விகளையெல்லாம் விட்டுவிட்டு, மேட்ச் நாளில் உனக்குப் பிடித்த நேரம் எது என்று மட்டும் கேட்டேன். "வார்ம்-அப்" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "அப்ப யாரும் ஸ்கோர் எழுத மாட்டாங்க."

எனக்குக் கோபம் வந்தது, அவள் மேல் இல்லை. இவளை மாதிரி ஒரு பிள்ளை வரும்போதெல்லாம் பெரியவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: போன ஆர்வத்தை எப்படித் திரும்பக் கொண்டுவருவது? அது எப்படிப் போனது என்று கேட்கிறவர்கள் மிகக் குறைவு. ராக்கெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கிய பிள்ளை இவள், அம்மாவே சொன்னார். அந்த ஆசையை யாரும் ஒரே நாளில் பிடுங்கவில்லை. காலை ஐந்து மணிக்கு எழுப்பும்போது கொஞ்சம், தோற்றுவிட்டு வந்த அன்று கொஞ்சம், பக்கத்துக் கோர்ட்டில் ஆடுகிற பிள்ளையோடு ஒப்பிடும்போது கொஞ்சம் என்று ஐந்து வருஷத்தில் ஆளாளுக்கு எடுத்துவிட்டோம்.

இனி ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பிள்ளைக்கு விளையாட்டு சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று பேச்சை எடுத்த உடனே பெற்றோர் முகம் மாறிவிடும். "ஜாலியா ஆடறதுக்கா இவ்வளவு கஷ்டப்பட்டு அனுப்பறோம்?" என்று கேட்பார்கள். சில கோச்சுகள் இன்னும் நேரடி: "ஜாலி வேணும்னா பார்க்குக்குப் போகட்டும், இங்க வர்றது ஜெயிக்கறதுக்கு." இரண்டு பேர் மனதிலும் இருக்கிற படம் ஒன்றுதான். சந்தோஷம் என்றால் சிரிப்பு, அரட்டை, ஒழுங்கில்லாத கும்மாளம். உழைப்பு என்றால் இறுகிய முகம், வாய் திறக்காமல் வலியைப் பொறுத்துக்கொள்வது. ஒன்று கூடினால் இன்னொன்று குறையும் என்று தராசில் வைத்துப் பார்க்கிறார்கள். இந்த ஒரு எண்ணம் கெடுத்த அளவுக்குப் பிள்ளைகளின் விளையாட்டை வேறு எதுவும் கெடுத்ததை நான் பார்த்ததில்லை.

ஒரு பையன் தனியாகச் சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருக்கிறான். ஐம்பது தடவை தப்புகிறது, ஐம்பத்தோராவது தடவையும் அடிக்கிறான், வியர்வை கண்ணில் இறங்குகிறது, கூப்பிட்டால் காதில் விழவில்லை, இருட்டின பிறகுதான் நிறுத்துகிறான். அவன் முகத்தில் சிரிப்பே இல்லை. அவன் உழைத்தானா, அனுபவித்தானா? இரண்டையும் பிரிக்கவே முடியாது. மிஹாய் சிக்ஸென்ட்மிஹாயி என்ற உளவியலாளர் 1970களில் மலையேறுகிறவர்கள், சதுரங்கம் ஆடுகிறவர்கள், நடனக் கலைஞர்கள், அறுவை மருத்துவர்கள் என்று பலரிடம் பேசி எழுதியதும் இந்த லயிப்பைப் பற்றித்தான். சவால் கையிருப்புத் திறமையை விட ரொம்பப் பெரிதாக இருந்தால் பயம் வரும், ரொம்பச் சின்னதாக இருந்தால் சலிப்பு வரும், இரண்டும் ஏறக்குறைய சமமாக நிற்கும் இடத்தில்தான் நேரம் போவது தெரியாமல் ஆழ்ந்து போகிறோம். சும்மா உட்கார்ந்திருக்கிறவனுக்கு அந்த லயிப்பு வராது.

பிள்ளைகளிடமே கேட்டும் பார்த்திருக்கிறார்கள். அமாண்டா விசெக் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவர் குழுவும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், கால்பந்து ஆடுகிற பிள்ளைகள், அவர்களுடைய கோச்சுகள், பெற்றோர்கள் ஆகியோரிடம் விளையாட்டில் எதெல்லாம் சந்தோஷம் தருகிறது என்று கேட்டு 81 காரணங்களைத் திரட்டினார்கள். பிறகு அவற்றைப் பிள்ளைகளே முக்கியத்துவத்தின்படி மதிப்பிட்டார்கள். உயிரைக் கொடுத்து முயற்சி செய்வது, அணிக்குள் நல்ல உறவு, கோச் மரியாதையாகவும் நல்ல விதமாகவும் நடத்துவது ஆகிய மூன்று வகைகளும் உச்சியில் நின்றன. அந்த 81 காரணங்களில் ஜெயிப்பது 48ஆவது இடம். முயற்சி எங்கே நிற்கிறது என்று திரும்ப ஒரு முறை பாருங்கள். உழைப்பைக் கண்டால் பிள்ளை ஓடிவிடும் என்று நீங்கள் பயப்படுகிறீர்கள், பிள்ளைக்கு உழைப்புதான் பிடித்திருக்கிறது. அந்த உழைப்பைச் சுற்றி நாம் கட்டி வைக்கிற திட்டும் ஒப்பீடும் பயமும்தான் பிடிக்கவில்லை.

அதனால் சந்தோஷத்தைக் கூட்டுவதற்காகப் பயிற்சியைக் குறையுங்கள், கண்டிப்பைக் கைவிடுங்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. கடினமான பயிற்சி இருக்கட்டும். ஆனால் அது யாருடைய பயிற்சி என்பதில் தெளிவு வேண்டும். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயான் என்ற இருவரின் கோட்பாடு ஒன்று உண்டு, எங்கள் துறையில் இதைத் தொடாமல் யாரும் வேலை செய்வதில்லை. மனிதருக்கு ஒரு காரியத்தில் உள்ளிருந்து ஆர்வம் ஊற மூன்று வேண்டும்: இது நான் தேர்ந்தெடுத்தது என்ற உணர்வு, என்னால் முடிகிறது என்ற உணர்வு, இங்கே எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. இந்தப் பெண்ணின் கதையில் மூன்றையும் வைத்துப் பார்த்தேன். டபுள்ஸில் அவளோடு ஆடிய தோழியைப் பிரித்து, ரேங்கிங் வரும் என்று சிங்கிள்ஸுக்கு மாற்றியிருக்கிறார்கள், அவளைக் கேட்கவில்லை. வாரம் ஆறு நாள் பயிற்சி, அதையும் கேட்கவில்லை. தன்னை விட மூன்று வயது மூத்தவர்களோடு ஆடவிட்டால் சீக்கிரம் வளருவாள் என்று விட்டதில் எட்டு மாதமாக ஒரு மேட்ச் கூட ஜெயிக்கவில்லை. மூன்றும் போய்விட்டது. மிச்சம் இருப்பது வயிற்று வலி.

அவள் பொய் சொல்கிறாள் என்று அப்பா நினைத்திருந்தார். வலி நிஜம். பதற்றம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வயிற்றிலும் தலையிலும்தான் பேசும், நடிப்பு என்று யாரும் சட்டென்று முடிவுக்கு வராதீர்கள். அதே சமயம், மருத்துவரிடம் காட்டாமல் இது மனசுதான் என்றும் முடிவுக்கு வராதீர்கள்.

அப்புறம் "முன்ன மாதிரி முயற்சியே பண்றதில்ல, சோம்பேறி ஆயிட்டா" என்ற புகார். 11, 12 வயதில் பிள்ளைகளுக்குள் ஒரு மாற்றம் நடக்கிறது, அதை அறிந்த பெற்றோர் குறைவு. சின்ன வயதில் முயற்சியும் திறமையும் பிள்ளைக்கு ஒன்றுதான், நிறைய முயற்சி செய்கிறவன் கெட்டிக்காரன், அவ்வளவே. ஜான் நிக்கோல்ஸ் என்ற உளவியலாளர் காட்டியபடி, இந்த வயதை ஒட்டித்தான் இரண்டும் வேறு என்று அவர்கள் பிரித்துப் பார்க்கத் தொடங்குகிறார்கள். பிரித்துப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது: நான் முழு மூச்சாக முயன்று தோற்றால் எனக்குத் திறமை இல்லை என்று ஊருக்கே தெரிந்துவிடும், முயலாமல் தோற்றால் அது தெரியாது. வெற்றி மட்டுமே பேசப்படுகிற வீட்டில் ஒரு 12 வயதுப் பிள்ளை கையைத் தளரவிடுவது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். நீங்கள் சோம்பல் என்று திட்டுவது அங்கே பயமாக இருக்கிறது. திட்டத் திட்ட அது கூடும்.

பரிசு ஆசை காட்டி இழுக்கலாமே என்கிறார்கள். ஜெயித்தால் சைக்கிள், பாயிண்ட் எடுத்தால் இத்தனை ரூபாய். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் செய்த சோதனை பழையதுதான், ஆனாலும் நான் அடிக்கடி சொல்வது அதைத்தான். ஏற்கெனவே படம் வரைவதில் ஆசையாக இருந்த நர்சரிப் பிள்ளைகளில் ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். கொடுத்தார்கள். சில நாள் கழித்து, யாரும் எதுவும் சொல்லாத நேரத்தில், அந்தக் குழு வரைந்த நேரம் மற்ற குழுக்கள் வரைந்ததில் ஏறக்குறைய பாதிதான். சொல்லாமல் திடீரென்று அதே சான்றிதழைப் பெற்ற பிள்ளைகளுக்கு எந்தக் குறையும் வரவில்லை. அதனால் வாங்கிக் கொடுங்கள், பேரம் பேசாதீர்கள்.

கோச்சுகளுக்கும் ஒன்று. ரொனால்ட் ஸ்மித், ஃபிராங்க் ஸ்மோல் இருவரும் சிறுவர் பேஸ்பால் கோச்சுகளுக்கு, சீசன் தொடங்குமுன் சில மணி நேரப் பயிற்சி ஒன்று கொடுத்தார்கள். முயற்சியைப் பாராட்டு, தப்பு செய்தால் முதலில் தைரியம் சொல்லிப் பிறகு திருத்து, தண்டிக்காதே, கேலி செய்யாதே. பெரிய ரகசியம் எதுவும் அதில் இல்லை. 1992இல் வெளியான அந்த ஆய்வில், பயிற்சி பெறாத கோச்சுகளிடம் ஆடிய பிள்ளைகளில் 26 சதவீதம் அடுத்த வருஷம் வரவில்லை. பயிற்சி பெற்றவர்களிடம் ஆடியவர்களில் வராதவர்கள் 5 சதவீதம். இரண்டு தரப்பு அணிகளின் வெற்றி தோல்விக் கணக்கிலும் வித்தியாசம் இல்லை. கத்தினால்தான் ஜெயிப்பார்கள் என்கிற கோச் இந்த எண்களைக் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

சரி, வீட்டில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். முதலில் செய்யக் கூடாதது. மேட்ச் முடிந்து வீடு திரும்பும் வழியில் வாயை மூடிக்கொள்ளுங்கள். கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும். என்னிடம் வருகிற பிள்ளைகளில் தோற்பதை விட அந்தப் பயணத்துக்குப் பயப்படுகிறவர்கள் அத்தனை பேர். மூடிய வண்டி, இறங்க முடியாது, அழ முடியாது, பக்கத்தில் அப்பா ஒவ்வொரு பாயிண்ட்டாக எடுத்து வைக்கிறார். பிள்ளைக்குத் தான் எங்கே விட்டோம் என்பது உங்களை விட நன்றாகத் தெரியும். அது பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் பசிக்கிறதா என்று கேளுங்கள். நீ ஆடுவதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது என்று மனதாரச் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள், ஜெயித்த நாளில் மட்டும் சொன்னால் அதுவும் கெட்டுப்போகும்.

கோர்ட் ஓரத்தில் நின்று கோச் வேலை பார்க்காதீர்கள், பிள்ளைக்கு ஒரே நேரத்தில் இரண்டு பேர் சொல்வதைக் கேட்க முடியாது. "நாங்க இந்த டோர்னமென்ட் ஆடறோம்" என்று பேசுகிற பழக்கம் இருந்தால் கவனியுங்கள், ஆடுவது நீங்கள் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2016இல் சொன்னபடி, வாரம் ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வும், ஒரு மாதம் ஒரு மாதமாகப் பிரித்து வருஷத்தில் மொத்தம் மூன்று மாதம் அந்த விளையாட்டிலிருந்து விடுப்பும் கொடுங்கள். பெரும்பாலான விளையாட்டுகளில் 15, 16 வயது வரை ஒன்றோடு மட்டும் கட்டிப்போடத் தேவையில்லை என்றும் அவர்கள்தான் சொல்கிறார்கள். வாரப் பயிற்சி மணிக்கணக்கு பிள்ளையின் வயதைத் தாண்ட வேண்டாம் என்று விளையாட்டு மருத்துவர்கள் ஒரு எளிய அளவு சொல்வார்கள், 10 வயதென்றால் 10 மணி. உங்கள் அட்டவணையை இன்று ராத்திரி கூட்டிப் பாருங்கள்.

விட்டுவிடுகிறேன் என்று பிள்ளை சொன்னால் பதறாதீர்கள், உடனே சரி என்றும் சொல்லாதீர்கள். எதை விட வேண்டும் என்று கேளுங்கள். விளையாட்டையா, அந்த கோச்சையா, போட்டிகளையா, அதிகாலைப் பயிற்சியையா? பல சமயம் விளையாட்டு அந்தப் பட்டியலிலேயே இருக்காது.

அந்தப் பெண்ணுக்கு இரண்டு மாதம் போட்டிகள் வேண்டாம் என்று மூவரும் உட்கார்ந்து முடிவு செய்தோம். நாட்களை அவளே தேர்ந்தெடுத்தாள், வாரம் மூன்று, பழைய தோழியோடு டபுள்ஸ். அப்பா ஹாலுக்கு வெளியே காத்திருக்கச் சம்மதித்தார், அவருக்கு அது எளிதாக இல்லை, பிள்ளை மேல் உயிரையே வைத்திருக்கிற மனிதர். வயிற்று வலி முற்றிலும் நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. திரும்பப் போட்டிக்குப் போவாளா என்று அவருக்கு நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

கடைசியாக, காத்திருக்கக் கூடாத சில அறிகுறிகள். தூக்கம் கெடுவதும் சாப்பாடு குறைவதும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், விளையாட்டில் மட்டுமில்லாமல் நண்பர்கள், படிப்பு, பிடித்த எல்லாவற்றிலும் பிள்ளை ஒதுங்கினால், ஒரே இடத்தில் வலி திரும்பத் திரும்ப வந்தால், எடையைப் பற்றி யாரோ சொன்ன பிறகு சாப்பாட்டை ஒளித்தால், வந்துகொண்டிருந்த மாதவிடாய் நின்றால், அடுத்த டோர்னமென்ட் முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். நான் இல்லாமல் போனால் நல்லது என்கிற மாதிரி ஒரு வார்த்தை பிள்ளை வாயில் வந்தால், விளையாட்டாகச் சொன்னது போலத் தெரிந்தாலும், தனியாக விடாதீர்கள், அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.