வீகன்: சைவமா, நனிசைவமா, தாவர உணவா?

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஆர்லாண்டோ நகரை ஒட்டி இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டு என்ற கேளிக்கைப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போவது என்று முடிவானதும், அம்மாவுக்கு வந்த முதல் கவலை சாப்பாடு. அண்ணன் மகள் மூன்று வருடமாக வீகன். "அவளும் சைவம், நானும் சைவம். எனக்குக் கிடைக்கிறது அவளுக்குக் கிடைக்காதா?" என்று கேட்டார் அம்மா. "இல்ல பாட்டி, நீங்க சாப்பிடுறதுல பாதி எனக்கு ஆகாது" என்றாள் அவள். இருவரும் பேசியது ஒரே தமிழ்தான். ஆனால் சைவம் என்ற சொல் ஒருவருக்குச் சொன்னது வேறு, மற்றவருக்குச் சொன்னது வேறு. அந்தப் பயணம் முடிவதற்குள் இந்தச் சொல்லைப் பற்றி நிறைய யோசித்துவிட்டேன்.

முதலில் பொருள். இறைச்சி, மீன், முட்டை, பால், பாலிலிருந்து வரும் தயிர், மோர், வெண்ணெய், நெய், பாலாடைக்கட்டி, அப்புறம் தேன் என்று விலங்கிடமிருந்து வரும் எதையும் உண்ணாதவர் வீகன். உணவோடு இது நிற்பதில்லை. தோல் செருப்பு, பட்டு, கம்பளி ஆகியவற்றையும் விலக்குவார்கள். உணவு, உடை, வேறு எந்தத் தேவைக்காகவும் விலங்கைச் சுரண்டுவதையும் வதைப்பதையும், முடிந்தவரை, நடைமுறைக்கு இயன்றவரை ஒதுக்கி வாழ்வது என்பதே வீகன் சங்கம் தரும் விளக்கத்தின் சாரம். "இயன்றவரை" என்பதை அவர்களே சேர்த்திருக்கிறார்கள். ஊர் விட்டு ஊர் போகும்போது அந்த ஒரு சொல்லின் அருமை தெரியும்.

இந்தச் சொல்லுக்குப் பிறந்த ஆண்டே உண்டு: 1944. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் இருந்த டொனால்ட் வாட்சன் மரவேலை கற்பித்த ஆசிரியர். சிறு வயதில் தன் மாமாவின் பண்ணையில் ஒரு பன்றி கொல்லப்படுவதைப் பார்த்தது அவர் மனதை விட்டுப் போகவில்லை. 14 வயதில் இறைச்சியை விட்டார், பிற்பாடு பாலையும் விட்டார். வெஜிடேரியன் என்ற ஆங்கிலச் சொல் அதற்கு நூறு ஆண்டு முன்பே புழக்கத்துக்கு வந்துவிட்டது. 1847-ல் அந்தப் பெயரில் ஒரு சங்கமும் தொடங்கியிருந்தது. ஆனால் அந்தச் சொல்லுக்குள் பாலும் முட்டையும் அடக்கம். பாலையும் தவிர்ப்பவர்களுக்குச் சங்க இதழில் தனி இடம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. 1944 நவம்பரில் வாட்சனும் சிலரும் சேர்ந்து தனியாக ஒரு சங்கத்தையும் (மேலே சொன்ன வீகன் சங்கம் இதுதான்) சிறு செய்தி மடலையும் தொடங்கினார்கள்.

பெயர் வேண்டுமே? டெய்ரிபேன், வைட்டன், பெனவோர் என்றெல்லாம் யோசனைகள் வந்தன. கடைசியில் நின்றது வீகன். வெஜிடேரியன் என்பதை ஆங்கிலத்தில் எழுதி, முதல் மூன்று எழுத்தையும் கடைசி இரண்டு எழுத்தையும் சேர்த்தால் வீகன் வந்துவிடும். மரக்கறி உணவின் தொடக்கமும் முடிவும் இதுவே என்று வாட்சன் அதற்குப் பொருள் சொன்னார். 'வீஜன்' அல்ல, 'வீகன்' என்று உச்சரிப்பையும் அப்போதே தெளிவுபடுத்தினார்கள். தமிழில் சிலர் 'வேகன்' என்று எழுதுகிறார்கள். அது சரக்கு ரயில் பெட்டிக்கு நாம் வைத்திருக்கும் சொல். வீகன் என்று எழுதுவதே சரி.

இனி, இதைச் சைவம் என்று சொல்லிவிட்டால் என்ன குறை?

சைவம் என்பது அடிப்படையில் சமயப் பெயர். சிவனை வழிபடும் நெறி. அந்த நெறியில் நின்ற பலர் புலால் உண்ணாததால், அவர்கள் சாப்பாட்டுக்கும் அதே பெயர் வந்தது. அதிலிருந்து அசைவம் என்று எதிர்ச்சொல்லும் முளைத்தது. ஆனால் அந்தச் சமயத்தில் பசுவும் பாலும் எவ்வளவு உயர்ந்த இடத்தில் இருக்கின்றன! "ஆவினுக்கு அருங்கலம் அரன்அஞ்சு ஆடுதல்" என்கிறார் அப்பர். பசுவுக்கு அணிகலன் எது என்றால், அது தரும் ஐந்து பொருளில் சிவன் நீராடுவது. பால், தயிர், நெய் மூன்றும் அந்த ஐந்தில் உண்டு. சைவம் என்ற சொல்லுக்குள் பால் தற்செயலாக வந்து சேரவில்லை, கருவறையிலேயே இருக்கிறது. அந்தச் சொல்லை எடுத்துப் பாலை விலக்கியவருக்குப் பெயராக வைத்தால் யாருக்குப் புரியும்?

வள்ளுவரும் இப்படித்தான். புலால் மறுத்தல் என்று ஓர் அதிகாரமே பாடியவர், காதலியின் வாய் ஊறிய நீருக்கு உவமை தேடும்போது "பாலொடு தேன்கலந் தற்றே" என்கிறார். வீகன் விலக்கும் இரண்டு பொருளும் ஒரே அடியில்! தமிழில் இனிமை என்றாலே பாலும் தேனும்தான். புலால் மறுத்தல், ஊன் துறத்தல் என்ற சொற்களுக்கு நெடுங்காலப் பழமை உண்டு. ஆனால் அவை ஊனைப் பற்றியவை, பாலைப் பற்றியவை அல்ல.

'சுத்த சைவம்' என்ற பலகையும் உதவாது. அங்கே நெய் ரோஸ்ட் கிடைக்கும். இந்தியாவில் பொட்டலங்களில் நாம் பார்க்கும் பச்சைப் புள்ளியும் பாலையும் தேனையும் அனுமதிக்கிறது. அதனால்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வீகன் உணவுக்குத் தனி விதிகளே கொண்டுவந்தது. அதற்கான முத்திரையில் பச்சைக் கட்டத்துக்குள் ஆங்கில 'வி' எழுத்தும் ஓர் இலையும் இருக்கும். புள்ளி வேறு, இலை வேறு.

தமிழில் இன்று வீகன் என்பதற்குப் புழங்கும் ஆக்கச் சொல் நனிசைவம். நல்ல சொல்தான். "உறு தவ நனி என வரூஉம் மூன்றும் மிகுதி செய்யும் பொருள என்ப" என்பது தொல்காப்பிய உரியியல். நனி என்றால் மிகுதி. சைவத்தைவிட ஒரு படி மேலே போனது என்று புரியவைக்கிறது. காதுக்கும் இனிமை. என் தயக்கம் ஒன்றே ஒன்றுதான். இதை முதல்முறை கேட்பவர் 'மிகவும் ஆசாரமான சைவம்' என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். என் அம்மா அப்படித்தான் எடுத்துக்கொண்டார். "அப்போ வெங்காயம், பூண்டு சேர்க்க மாட்டாளா?" என்று கேட்டார். வெங்காயமும் பூண்டும் அவளுக்குத் தாராளமாக ஆகும். நெய்தான் ஆகாது. நனி என்ற அடைமொழி, சைவத்தின் கோட்டிலேயே இன்னும் தூரம் போகச் சொல்கிறது. வீகன் அந்தக் கோட்டிலிருந்து வேறு பக்கம் திரும்புகிறது.

மரக்கறி என்ற அழகான பழைய சொல் உண்டு. இலங்கையில் காய்கறிக்கே அதுதான் அன்றாடச் சொல். ஆனால் மரக்கறிச் சாப்பாடு என்றாலும் தயிர் வந்து விழுந்துவிடும். ஒரு காலத்தில் வழங்கிய சாகபட்சணி என்ற வடசொல்லுக்கும் அதே கதி.

இப்போது பூங்காவுக்கு வருகிறேன். எனக்கு விடை கிடைத்தது அங்கேதான்.

பயணத்தின் முதல் நாள், வழியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பழக்க தோஷத்தில் "வெஜிடேரியன்" என்று கேட்டுவிட்டேன். வந்த தட்டில் சோற்றின் மேல் பாலாடைக்கட்டி உருகிக் கிடந்தது. கடைக்காரர் மேல் தவறே இல்லை, நான் கேட்டதைத்தான் கொடுத்தார். பிள்ளை பசியோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இது புதிதல்ல என்று அவள் முகத்தில் தெரிந்தது. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

டிஸ்னி வேர்ல்டுக்குள் நிலைமை வேறு. 2019 அக்டோபரிலிருந்து அங்கே உணவுப் பட்டியல்களில் ஒரு பச்சை இலைக் குறி போடுகிறார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் வீகன் அல்ல, 'பிளான்ட் பேஸ்டு'. இறைச்சி, பால், முட்டை, தேன் இவை சேராமல் செய்தது என்று அதற்கு விளக்கமும் கொடுத்தார்கள். இந்தத் தொடரை 1980 வாக்கில் டி. காலின் கேம்ப்பெல் என்ற அமெரிக்க ஊட்டச்சத்து ஆய்வாளர் கொண்டுவந்தார். அவர் பேசியது உடல்நலத்தைப் பற்றி, அறத்தைப் பற்றி அல்ல. சாப்பிடுபவர் யார், அவர் கொள்கை என்ன என்ற கேள்விக்கே இந்தத் தொடர் போவதில்லை. தட்டில் இருப்பது எதிலிருந்து வந்தது என்று மட்டும் சொல்கிறது.

அதற்கு நேரான தமிழ் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது: தாவர உணவு. செடி, கொடி, மரத்திலிருந்து வந்தது. இதில் சமயம் இல்லை, ஆசாரம் இல்லை, குழப்பமும் இல்லை. "இது தாவர உணவு" என்று சொன்னதும் அம்மா, "அப்போ பால் கிடையாது, மாடு தாவரம் இல்லையே" என்றார். ஒரு நொடியில் விளங்கிவிட்டது. நனிசைவத்துக்கு நான் பத்து நிமிடம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

இலைக் குறி இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. அனிமல் கிங்டம் பூங்காவின் பண்டோரா பகுதியில் சட்டுலி கேன்டீன் என்ற உணவகம் இருக்கிறது. மிளகாய்க் காரத்தோடு பொரித்த டோஃபுவை (சோயாப்பாலில் செய்த கட்டி) சோறு, காய்களோடு கிண்ணத்தில் தருவார்கள். நம் நாக்குக்கு ஒத்துப்போகும். மேஜிக் கிங்டத்தில் அலோஹா ஐல் கடையில் டோல் விப் என்ற அன்னாசி உறைகூழ் பார்வைக்குப் பால் ஐஸ்கிரீம் போலவே இருக்கும், ஆனால் அதில் பால் கிடையாது. வனிலாவோடு சேர்த்துச் சுழற்றித் தருவதை வாங்கினால் மட்டும் பால் வந்துவிடும். டிஸ்னி ஸ்ப்ரிங்ஸ் கடைவீதியில் எரின் மெக்கென்னாஸ் பேக்கரியில் எல்லாமே வீகன். பிள்ளை அங்கே எதையும் விசாரிக்காமல் கைநீட்டி வாங்கினாள். பார்க்கவே நிறைவாக இருந்தது.

நம் ஊர்ச் சுவை இருக்கும் இடத்தில்தான் ஏமாற வாய்ப்பு அதிகம். அனிமல் கிங்டம் லாட்ஜில் இருக்கும் சனா உணவகத்தின் இந்திய ரொட்டி வகைகள் பெயர்பெற்றவை. இந்தியச் சாப்பாடு, அதனால் சைவத்துக்குக் குறைவிருக்காது என்று உட்கார்ந்துவிடுவோம். ஆனால் தொட்டுக்கொள்ள வருவதில் தயிர்ப் பச்சடி உண்டு. 'நான்' எனப்படும் ரொட்டியின் மாவில் தயிரும் நெய்யும் சேர்ப்பது பரவலான வழக்கம். கேட்டு வாங்க வேண்டும்.

குறி இல்லாத இடத்தில் பதார்த்தத்தின் பெயரை நம்பக் கூடாது. பீன்ஸ் மசியலைப் பன்றிக் கொழுப்பில் தாளித்திருப்பார்கள். சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைத்திருப்பார்கள். சீசர் சாலட்டின் குழம்பில் நெத்திலி வகை மீன் இருக்கும். மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின், அதாவது விலங்கின் எலும்பிலும் தோலிலும் எடுத்தது. அமெரிக்காவில் 'நான்-டைரி', அதாவது பால்பொருள் இல்லாதது என்று எழுதி, காபியில் பாலுக்குப் பதிலாகக் கலக்க விற்கும் பொடியில்கூடப் பாலிலிருந்து எடுத்த கேசினேட் இருக்கலாம். பின்பக்கம் பொடி எழுத்தில் 'பால் வழிப்பொருள்' என்று குறித்திருப்பார்கள். ஆகவே ஒற்றைச் சொல்லை நம்பாமல், "நோ மீட், நோ ஃபிஷ், நோ எக், நோ டைரி, நோ ஹனி" என்று ஐந்தையும் சொல்வதுதான் பாதுகாப்பு. பொரித்த பண்டம் என்றால் எண்ணெய் தனியா என்பதையும் கேட்கலாம். ஒரே எண்ணெயில் கோழியும் உருளைக்கிழங்கும் பொரிவது எந்த ஊரிலும் நடப்பது.

பால் என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017-ல், செடியிலிருந்து எடுத்ததைப் பால் என்று பெயரிட்டு விற்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. தேங்காய்ப்பால் போன்ற சில பழைய பெயர்களுக்கு மட்டும் விலக்கு. தமிழுக்கு அந்தச் சிக்கலே இல்லை. தேங்காய்ப்பால், எள்ளுப்பால், கள்ளிப்பால் எல்லாம் நமக்குப் பால்தான். சோயாப்பால், பாதாம்பால் என்பதும் உறுத்தாமல் அந்த வரிசையில் சேர்ந்துகொள்கிறது. ஆனால் இதனாலேயே தமிழில் 'பால் சேராதது' என்று மட்டும் சொன்னால் போதாது. 'மாட்டுப்பால் சேராதது' என்று சொன்னால்தான் பிள்ளைக்குத் தேங்காய்ப்பாலில் செய்யும் சொதி கிடைக்கும்.

டிஸ்னி வேர்ல்டுக்குள் வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுபோக விடுகிறார்கள். கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது, சூடுபடுத்தத் தேவைப்படும் உணவாக இருக்கக் கூடாது. இது தெரிந்ததும் அம்மா தங்கியிருந்த இடத்தின் அடுப்பில் அதிகாலையிலேயே புளியோதரை கிளறிவிட்டார். நல்லெண்ணெய், புளி, கடலைப்பருப்பு, வேர்க்கடலை. தேங்காய் சாதம், சுண்டல், இட்லி மிளகாய்ப் பொடி என்று தாவர உணவாகவே நம்மிடம் எத்தனை இருக்கின்றன! எதற்கும் புதுப்பெயர் தேவையில்லை. கடைசியில் ஒரு கரண்டி நெய் விடாமல் இருந்தால் போதும்.

அப்படியானால் நனிசைவம் என்ற சொல் வேண்டாமா? வேண்டும் என்பதை மூன்றாம் நாள் உணர்ந்தேன். கடல் விலங்குகளை வைத்துக் காட்சி நடத்தும் வேறொரு பூங்காவுக்குப் போகலாமா என்று பேச்சு வந்தது. பிள்ளை வரவில்லை என்றாள். "அங்கேயும் உனக்குத் தாவரச் சாப்பாடு கிடைக்கும்டி" என்றார் அம்மா. "சாப்பாட்டுக்காக இல்ல பாட்டி. அந்த மீனுங்களை அடைச்சு வச்சிருக்கிறது எனக்குப் பிடிக்கல" என்றாள். இப்படிக் காட்சி நடத்தும் சீவேர்ல்டு நிறுவனம் 2016-ல் இனி ஓர்கா திமிங்கிலங்களை இனப்பெருக்கம் செய்யப் போவதில்லை என்று அறிவித்ததற்குப் பின்னால், இவளைப் போல நினைத்த எத்தனையோ பேரின் குரல் இருந்தது. தட்டுக்கு வெளியே போகும் இந்த நெறியைத் தாவர உணவு என்ற சொல் தொடவே தொடாது. இங்கே நனிசைவம்தான் சரி. சைவம் ஒரு நெறியின் பெயராக இருந்ததால், நனிசைவமும் ஒரு நெறிக்குப் பெயராக நிற்க முடிகிறது.

ஆகவே நான் இப்போது இப்படித்தான் எழுதுகிறேன்: உணவைச் சொன்னால் தாவர உணவு. வாழும் முறையைச் சொன்னால் நனிசைவம், அதில் நிற்பவர் நனிசைவர். பேச்சில் வீகன் என்று வந்தால் வரட்டும், அதில் எனக்கு வருத்தம் இல்லை. சைவம் என்று மட்டும் எழுதுவதில்லை.

அந்த மூன்றாம் நாள் நாங்கள் எல்லோருமே அந்தப் பூங்காவுக்குப் போகவில்லை. தங்கியிருந்த இடத்தின் மரத்தடியில் மீதமிருந்த புளியோதரையைப் பிரித்தோம். அம்மா முதல் உருண்டையைப் பிள்ளையின் கையில் வைத்து, "நெய் விடல, சாப்பிடு" என்றார்.