கையால் பின்னிய சாக்ஸ்: ஓட்டை விழும் முன்பே கவனியுங்கள்

எங்களிடம் பழுதுபார்க்க வரும் கைப்பின்னல் சாக்ஸ்களில் பெரும்பாலானவை பெருவிரல் வெளியே எட்டிப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் வருகின்றன. அந்த நிலையில் வேலையும் அதிகம், அடைத்த இடமும் காலில் உறுத்தும். சில வாரங்கள் முன்னதாக எடுத்திருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். கம்பளி சாக்ஸ் திடீரென்று கிழிவதில்லை. முதலில் மெலிகிறது, பிறகு வலையாகிறது, கடைசியில்தான் கண்ணி, அதாவது பின்னலின் ஒற்றை வளையம், அறுகிறது. ஒரு ஜோடி பின்ன 15 முதல் 20 மணி நேரம் போகிறது. அவ்வளவு உழைப்பைக் காப்பாற்ற, மெலிவைக் கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும்.

துவைத்துக் காய்ந்த சாக்ஸுக்குள் கையை விட்டு, விரல்களை அகட்டி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நான்கு இடங்களைப் பாருங்கள்: குதிகாலின் பின்புறம், குதிகாலின் அடி, விரல்களுக்குக் கீழே உள்ள முன்பாதம், பெருவிரல் நுனி. இவற்றை மேற்பாதத்தோடு ஒப்பிடுங்கள். மேற்பாதத்தில் உராய்வு மிகக் குறைவு என்பதால் அங்கே நூல் கிட்டத்தட்ட புதிதாகவே இருக்கும். அதைவிட வெளிச்சம் அதிகமாகக் கசிகிற இடம் எதுவோ, அடுத்த ஓட்டை அங்கேதான். மாதம் ஒருமுறை பார்த்தால் போதுமானது.

இந்த மெலிவு எப்படி நடக்கிறது? கம்பளி நூல், சில சென்டிமீட்டர் நீளமே உள்ள எண்ணற்ற மயிரிழைகளை முறுக்கிச் சேர்த்தது. நடக்கும்போது ஷூவின் உட்புறமும் தரையும் இழைகளின் நுனிகளை வெளியே இழுக்கின்றன. அப்படி வந்த நுனிகள் ஒன்றோடொன்று சிக்கி, சின்னச் சின்ன உருண்டைப் பிசிறுகளாகத் திரள்கின்றன. அந்த உருண்டையைக் கையால் பிய்த்தால் நூலுக்குள் இன்னும் பாதி மாட்டியிருக்கும் இழையும் கூடவே வந்துவிடும். ஆகவே பிய்க்காதீர்கள், சின்னக் கத்தரியால் மேலோட்டமாக வெட்டிவிடுங்கள்.

சாக்ஸுக்கென்றே விற்கப்படும் நூல்களில் மிகப் பரவலான கலவை 75 சதவீதம் கம்பளி, 25 சதவீதம் நைலான். ஜெர்மனியின் ரெஜியா, ஓபல் போன்றவை இந்த வகைதான். 100 கிராம் பந்தில் சுமார் 420 மீட்டர் இருக்கும். இந்த நூல் தேயும்போது கம்பளி முதலில் உதிர்ந்துவிடும், நைலான் இழைகள் மட்டும் கண்ணிகளின் வடிவத்திலேயே நிற்கும். பழைய சாக்ஸின் குதிகாலில், தோல் தெரிகிற மாதிரி மெல்லிய வலை ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அந்த வலைதான் நாம் பிடிக்க வேண்டிய கட்டம். கண்ணிகள் எல்லாம் அறாமல் வரிசையாக இருப்பதால் அதன் மேலேயே புது நூலை ஓட்டிவிடலாம். நைலான் கலக்காத நூலில் இந்த அவகாசம் கிடையாது. மெலிந்த சில நாட்களிலேயே அறுந்துவிடும்.

நூல் வாங்கும்போது எல்லோரும் செய்வது, பந்தைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பது. மென்மையாக இருந்தால் நல்ல நூல் என்று எடுத்துவிடுகிறார்கள். காலுறையைப் பொறுத்தவரை இந்த அளவுகோல் தவறு. மெரினோ இன ஆட்டின் கம்பளி மென்மையாக இருப்பதற்குக் காரணமே அதன் இழை மிக மெலிதாக இருப்பதுதான். மெலிந்த இழை சீக்கிரம் அறும். அதுவும் ஒற்றைப் பிரியாக, தளர்வாக முறுக்கிய கையால் சாயமேற்றிய மெரினோ நூல் சால்வைக்கு அழகு, சாக்ஸுக்கு ஆகாது. ஒரு முழ நூலை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். 3 அல்லது 4 பிரிகள் இருக்க வேண்டும். முறுக்கு இறுக்கமாக, விரலால் அழுத்தினால் தட்டையாகாமல் உருண்டையாக நிற்க வேண்டும். நைலான் வேண்டாம் என்பவர்கள் மோஹேர் கலந்த நூலைத் தேடலாம். அங்கோரா ஆட்டின் நீண்ட, வழுவழுப்பான இழை உராய்வை நன்றாகத் தாங்கும்.

'சூப்பர்வாஷ்' என்று லேபிளில் இருந்தால் அது பலத்தைக் குறிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். கம்பளி இழையின் மேல் உள்ள செதில்களை வேதிமுறையில் குறைத்து, மேலே மெல்லிய பூச்சு கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் அதற்குப் பொருள். வாஷிங் மெஷினில் போட்டாலும் சுருங்காது, அது பெரிய வசதி. ஆனால் செதில் உள்ள கம்பளி, காலின் வெப்பத்திலும் வியர்வையிலும் லேசாக ஒன்றோடொன்று பிணைந்து அடர்த்தியாகும். சூப்பர்வாஷ் நூலுக்கு அந்தத் தற்காப்பு இல்லை. அதைப் பின்னும்போது இன்னும் இறுக்கமாகப் பின்ன வேண்டியிருக்கும்.

நம்மூர்க் கடைகளில் 'உல்லன்' என்று கேட்டால் தருவதில் பெரும்பகுதி அக்ரிலிக் என்ற செயற்கை இழை. சந்தேகம் இருந்தால் 5 செ.மீ. துண்டு ஒன்றை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். கம்பளியானால் முடி கருகும் நாற்றம் வரும், தீ தானே அணையும், கரி விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாகிவிடும். அக்ரிலிக் சாக்ஸ் வியர்வையை உறிஞ்சாது; ஈரக் கால் உள்ளே வழுக்கி வழுக்கி உராயும்.

இனி இறுக்கம். நூலைவிட இதற்குத்தான் நாங்கள் அதிக மதிப்பெண் கொடுப்போம். நூல் பந்தின் லேபிளில் 10 செ.மீ.க்கு 28 அல்லது 30 கண்ணி என்று இருக்கும். சாக்ஸுக்கு அது போதாது. அதே நூலில் 32 முதல் 36 கண்ணி வர வேண்டும். 2.5 மி.மீ. ஊசியில் வரவில்லையென்றால் 2.25 அல்லது 2 மி.மீ.க்கு இறங்குங்கள். தளர்வான கண்ணிகளில் ஒவ்வொரு நூலும் தனியாக அசையும், அசையும் நூல்தான் அறுபடும். இறுக்கிப் பின்னிய துணியில் பக்கத்துக் கண்ணிகள் தாங்கிப் பிடித்துக்கொள்கின்றன. பின்னிய துணியை லேசாக இழுக்கும்போது இடைவெளியில் விரல் நிறம் தெரிந்தால் ஊசியை மாற்றிவிடுங்கள்.

அளவும் சேர்ந்து வர வேண்டும். பாதத்தின் சுற்றளவைவிடச் சாக்ஸ் சுமார் 10 சதவீதம் குறைவாகவும், நீளத்தில் 1 முதல் 1.5 செ.மீ. குறைவாகவும் இருக்க வேண்டும். பாதச் சுற்றளவு 22 செ.மீ. என்றால் சாக்ஸ் 20 செ.மீ.; 10 செ.மீ.க்கு 32 கண்ணி வீதம் 64 கண்ணிகள். பெரிதாகப் பின்னினால் துணி ஷூவுக்குள் மடிந்து, மடிப்பின் முகட்டிலேயே தேயும். மிகச் சிறிதானால் பெருவிரல் எப்போதும் நுனியை முட்டிக்கொண்டிருக்கும்.

குதிகாலைப் பலப்படுத்தும் வழக்கமான முறை எல்லோருக்கும் தெரிந்ததே. 64 கண்ணியில் பாதி, 32 கண்ணியை எடுத்து, வெளிப்பக்க வரிசையில் ஒன்றைப் பின்னாமல் ஊசி மாற்றி, அடுத்ததை நிட் (நேர்ப் பின்னல்) செய்து, மாறி மாறிப் போவது. உட்பக்க வரிசையில் முதல் கண்ணியை மட்டும் மாற்றிவிட்டு மீதியைப் பர்ல் (எதிர்ப் பின்னல்) செய்வது. இப்படி 32 வரிசை. மாற்றிய கண்ணிகளுக்குப் பின்னால் நூல் குறுக்கே ஓடுவதால் துணி இரட்டைத் தடிமனாகிறது. சிக்கல் என்னவென்றால், பெரும்பாலானவர்கள் குதிகாலைப் பாதத்தின் அடிப்பக்கமாக வளைத்துத் திருப்பும் இடத்தில் இதை நிறுத்திவிட்டுச் சாதாரணப் பின்னலுக்குப் போய்விடுகிறார்கள். அந்தத் திருப்பம்தான் காலுக்கு அடியில் போய் உட்கார்ந்து முழு எடையையும் வாங்குகிறது. திருப்பத்தின் வெளிப்பக்க வரிசைகளிலும் ஊசி மாற்றும் முறையைத் தொடருங்கள். கூடவே கம்பளி-நைலான் கலந்த மெல்லிய வலுவூட்டு நூலைச் சேர்த்துப் பிடித்துப் பின்னுங்கள். லாங் நிறுவனத்தின் ஜாவோல் போன்ற சில பந்துகளுக்குள்ளேயே அதே நிறத்தில் சின்னச் சுருளாக இது வருகிறது. தையல் மெஷின் பாலியஸ்டர் நூலைச் சேர்க்க வேண்டாம். கம்பளி நீளும், அது நீளாது.

ஓட்டை எங்கே விழுகிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். குதிகாலின் பின்புறத்தில் என்றால் ஷூவுக்குள் கையை விட்டுத் தடவுங்கள். பின்சுவரின் உட்துணி கிழிந்து, உள்ளே இருக்கும் கடினப் பலகை வெளியே வந்திருக்கும், அல்லது லேஸ் தளர்ந்து ஒவ்வோர் அடிக்கும் குதிகால் மேலே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். இதைச் சரிசெய்யாமல் எத்தனை சாக்ஸ் மாற்றினாலும் பலன் இல்லை. பெருவிரலின் மேற்புறத்தில் என்றால் நகம். மூலைகளை அரத்தால் மழுக்குங்கள்.

குதிகாலின் அடியிலும் முன்பாதத்திலும் விழுந்தால், வீட்டுக்குள் ஷூ இல்லாமல் நடப்பது காரணம். நார்வே, கனடா வீடுகளில் ஷூவை வாசலிலேயே கழற்றும் வழக்கம் உண்டு. அங்கே வாழும் தமிழர் வீடுகளில் கேட்கவே வேண்டாம். மரத்தரையில் மணல் துகள் கிடந்தால் அது உப்புத்தாள் வேலையைச் செய்யும். ஷூவுக்குள் அணிவதற்கென்று எழுதிய பின்னல் குறிப்புகள் முன்பாதத்தைப் பெரும்பாலும் பலப்படுத்துவதில்லை. வீட்டு உபயோகத்துக்கான சாக்ஸ் என்றால் முன்பாதம் வரும் 6, 7 செ.மீ. நீளத்துக்கும் வலுவூட்டு நூலைச் சேர்த்துப் பின்னுவது நல்லது. பித்தவெடிப்பு உள்ளவர்களுக்கு இன்னொரு சிரமம். வெடிப்பின் காய்ந்த விளிம்பு ஒவ்வொரு முறை போடும்போதும் கழற்றும்போதும் நூலைக் கொக்கி போட்டு இழுக்கும். இரவில் குதிகாலுக்கு வாசலின் தடவி மென்மையாக்கினால் கால், சாக்ஸ் இரண்டுக்கும் நல்லது.

கம்பளி நனைந்தால் வலிமை குறையும். பனியில் நனைந்த பூட்ஸுக்குள் நாள் முழுக்க நடந்தால் அன்று ஒரே நாளில் நடக்கும் தேய்மானம் அதிகம். ஒரே ஜோடியை அடுத்தடுத்த நாட்களில் போடாமல், ஒரு நாள் காற்றாட விட்டு எடுங்கள்.

துவைப்பதில் மூன்று விஷயங்களை மட்டும் சொல்கிறோம். கறை நீக்கும் சாதாரண டிடர்ஜென்ட்கள் பலவற்றில் புரதத்தைச் சிதைக்கும் நொதி இருக்கும். கம்பளியும் புரதம்தான், ஆகவே கம்பளிக்கென்று விற்கும் திரவ சோப்பையே பயன்படுத்துங்கள். குளோரின் பிளீச் கம்பளியைக் கரைத்தே விடும், பக்கத்தில் கொண்டு போகாதீர்கள். சூப்பர்வாஷ் என்றால் உட்புறம் வெளியே திருப்பி 30 டிகிரியில் மெஷினில் போடலாம். அப்படி இல்லாததைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, கசக்காமல் அலசி, துண்டில் சுருட்டி ஒற்றியெடுத்து, நிழலில் காயப்போடுங்கள்.

இப்போது பழுதுபார்ப்பது. வலையாகிவிட்ட இடத்துக்கு, பழைய கண்ணியின் தடத்திலேயே புது நூலை ஓட்டுவதுதான் சிறந்தது. முனை மழுங்கிய ஊசி ஒன்று வேண்டும். சாக்ஸுக்குள் டென்னிஸ் பந்தையோ, காளான் வடிவ மரக்கட்டையையோ வையுங்கள். பெண்கள் அளவு ஒரு ஜோடிக்கு 60, 70 கிராம் நூல்தான் ஆகும். 100 கிராம் பந்தில் மிஞ்சுவதை லேபிளோடு எடுத்து வைத்திருந்தால் நிறத்துக்கு அலைய வேண்டாம். மெலிந்த பகுதிக்கு 3 கண்ணி வெளியே, ஆரோக்கியமான துணியில் தொடங்குங்கள். 10 செ.மீ. வால் விடுங்கள், முடிச்சுப் போடாதீர்கள். 'V' வடிவக் கண்ணியின் அடியில் ஊசியை வெளியே எடுத்து, அதற்கு மேலுள்ள கண்ணியின் இரண்டு கால்களுக்கும் பின்னால் குறுக்காக நுழைத்து, தொடங்கிய துளையிலேயே திரும்ப இறக்குங்கள். ஒரு கண்ணி மூடியது. அடுத்த கண்ணி, அடுத்த வரிசை என்று போய், மறுபக்கத்திலும் 3 கண்ணி தாண்டி நிறுத்துங்கள். இறுக்கி இழுத்தால் துணி சுருங்கி மேடு தட்டும், பழைய நூலின் மேல் புது நூல் சும்மா படுத்திருந்தால் போதும்.

ஓட்டையே விழுந்துவிட்டால் நெசவு போல அடைக்க வேண்டும். தொங்கும் கண்ணிகளை வெட்டாதீர்கள். ஓட்டையைச் சுற்றி 1 செ.மீ. தூரம் வரை நல்ல துணியில் சிறு தையல்களாக ஓட்டி, பிறகு நீளவாக்கில் நூல்களை நெருக்கமாக இழுத்து, குறுக்கே ஒன்று மேல் ஒன்று கீழாகப் பின்னுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நூலைக் கொஞ்சம் தளர்வாக விடுங்கள், துவைக்கும்போது சுருங்க இடம் வேண்டும். நெய்த அடைப்பு நீளாது. குதிகாலில் அது பெரிய குறையில்லை, முன்பாதத்தில் சிலருக்கு உறுத்தும்.

விரல்பகுதி முழுவதும் போய்விட்டதா? அடைப்பதைவிடப் புதிதாகப் பின்னுவது சுலபம். பிரிட்டனில் 1941 முதல் 1949 வரை துணிக்குக் கூப்பன் இருந்த ஆண்டுகளில், பழைய பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னுவது வீட்டுக்கு வீடு நடந்த வேலை. நல்ல துணி தொடங்கும் வரிசையில் 64 கண்ணிகளையும் மெல்லிய ஊசியில் கோத்துக்கொண்டு, அதற்கு இரண்டு வரிசை தள்ளி ஒரு நூலை வெட்டி, மீதியை அவிழ்த்து எடுங்கள். மேலிருந்து கீழாகப் பின்னிய சாக்ஸ் நுனியிலிருந்து சரசரவென்று அவிழும். நுனியிலிருந்து மேலே பின்னியது அப்படி வராது, வெட்டித்தான் ஆக வேண்டும். முதலில் ஊசியில் கோக்காமல் வெட்டுபவர்களுக்குக் கண்ணிகள் நழுவி ஓடிவிடும்.

கோடை வந்ததும் சாக்ஸை அழுக்கோடு பெட்டியில் வைக்காதீர்கள். துணி அந்துப்பூச்சியின் புழுக்களுக்கு வியர்வை ஊறிய கம்பளி மிகவும் பிடிக்கும். துவைத்து, முழுக்கக் காயவைத்து, ஜிப் பையில் மூடி வையுங்கள். பூச்சி ஏறியதாகச் சந்தேகம் வந்தால் அதே மூடிய பையை மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறங்கள். பூச்சி அரித்த ஓட்டையை அடையாளம் காண்பது எளிது. உராய்வு குறைந்த மேற்பாதத்திலோ கணுக்காலிலோ இருக்கும், சுற்றிலும் துணி மெலியாமல் திடமாக இருக்கும். இதை அடைப்பது தேய்ந்த ஓட்டையைவிடச் சுலபம். அறுந்த கண்ணிகளை ஊசியில் பிடித்து, சுற்றியுள்ள நல்ல துணியிலேயே நூலை நிறுத்திவிடலாம்.