மத்திய வங்கிக்குத் தபாலில் வந்த மரக்கட்டைகள்

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வுக்குத் தபாலில் மரக்கட்டைகள் வந்து குவிந்தன. வீடு கட்டப் பயன்படும் மரச்சட்டங்களில் வட்டியைக் குறைக்கச் சொல்லி எழுதி அனுப்பியவர்கள் கட்டடத் தொழில்காரர்கள். கார் வியாபாரிகள், விற்காத கார்களின் சாவிகளை அனுப்பினார்கள்.

கோபமெல்லாம் வங்கித் தலைவர் பால் வோல்க்கர் மீது. 1979-ல் அவரை நியமித்தவர் அதிபர் ஜிம்மி கார்ட்டர். விலைவாசி ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. அதை அடக்க வோல்க்கர் வட்டியை 20 சதவீதம் வரை ஏறவிட்டார். வட்டியை இவ்வளவு வை என்று அதிபர் அவருக்கு உத்தரவு போட முடியாது. ஆனாலும் பொருளாதாரம் ஏறினாலும் இறங்கினாலும் பேரும் பழியும் அதிபருக்கே போகின்றன.

வட்டி ஏறினால் மறுநாளே விலை இறங்கிவிடாது. முதலில் வீட்டுக்கடன் தவணை எகிறும். 1981-ல் அந்த வட்டி 18 சதவீதத்தைத் தாண்டியது. வீடு வாங்க நினைத்தவர் தள்ளிப்போடுவார். கட்டட வேலை நிற்கும், மரக்கடையில் சரக்கு தேங்கும். அப்புறம்தான் கடைக்காரர் விலையை ஏற்றத் தயங்குவார். இதற்கு ஓரிரு ஆண்டுகள் பிடிக்கும். 1982 இறுதியில் வேலையின்மை 10.8 சதவீதத்தைத் தொட்டது. அடுத்த ஆண்டு பணவீக்கம் 3 சதவீத அளவுக்கு இறங்கியது. 1984-ல் பொருளாதாரம் 7 சதவீதத்துக்கு மேல் வளர, அப்போதைய அதிபர் ரொனால்டு ரீகன் மறுதேர்தலில் 49 மாநிலங்களில் வென்றார். கார்ட்டரோ 1980-லேயே ரீகனிடம் தோற்றுப்போயிருந்தார்.

இந்த மீட்சியில் ரீகனுக்குப் பங்கே இல்லையா? உண்டு. அவருடைய வரிக்குறைப்பும் ராணுவச் செலவும் மக்களின் கையில் பணம் புழங்க உதவின. வோல்க்கரை 1983-ல் மீண்டும் நியமித்தவரும் அவர்தான். ஆனால் கசப்பு மருந்து கொடுத்த வைத்தியரை முதலில் அழைத்து வந்த கார்ட்டரை யாரும் நினைப்பதில்லையே என்பது என் ஆதங்கம்.

பொருளாதார அறிஞர்கள் ஆலன் பிளைண்டரும் மார்க் வாட்சனும் 1940-களின் அதிபர் ட்ரூமன் காலம் தொட்டுக் கணக்குப் பார்த்தார்கள். ஜனநாயகக் கட்சி அதிபர்களின் காலத்தில் சராசரி வளர்ச்சி 4.33 சதவீதம், குடியரசுக் கட்சியினர் காலத்தில் 2.54. இவ்வளவு பெரிய இடைவெளிக்கு பட்ஜெட்டோ வட்டிக் கொள்கையோ காரணமாகத் தெரியவில்லை. எண்ணெய் விலை அதிர்ச்சி, உற்பத்தித்திறன், உலக நிலவரம் ஆகியவைதான் அதில் கணிசமான பகுதியை விளக்கின.

ரீகனுக்கு அடுத்து அதிபரான மூத்த ஜார்ஜ் புஷ்ஷின் கதை இன்னும் வருத்தமானது. அவர் காலத்துப் பொருளாதார மந்தம் 1991 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. ஆனால் முதலாளிகள் உடனே ஆள் எடுக்கவில்லை. 1992 ஜூனில் வேலையின்மை 7.8 சதவீதம். நவம்பரில் அவர் தோற்றார். மந்தம் எப்போது முடிந்தது என்பதைத் தேசியப் பொருளாதார ஆய்வுக் கழகம் கணித்து அறிவித்தபோது டிசம்பர் ஆகியிருந்தது.