டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

மரச்செக்கு எண்ணெய் விற்கும் ஒருவர் போன வருடம் ஒரு கட்டைப் பையோடு என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். பைக்குள் ஜிஎஸ்டி சான்றிதழ், உணவுப் பாதுகாப்பு உரிமம், பழைய லேபிள்கள், பில் புத்தகங்கள். எல்லாவற்றிலும் ஒரே கடைப் பெயர். அந்தப் பெயரில் இருக்கும் டாட் காம் டொமைன், அதாவது இணைய முகவரி மட்டும் அவருடையது இல்லை. ஆறு வருடத்துக்கு முன்பு வெப்சைட் போட்டுக் கொடுத்த தம்பி, அதைத் தன் பெயரில், தன் மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிந்திருந்தார். பிறகு பணப் பாக்கியில் இருவருக்கும் மனக்கசப்பு. இப்போது தளத்தைத் திறந்தால் ‘இந்த டொமைன் விற்பனைக்கு’ என்று வருகிறது.

“சார், என் கடைப் பேரை நானே காசு குடுத்து வாங்கணுமா?” என்றார்.

டொமைன் தகராறு என்றால் எங்கோ வெளிநாட்டில் இருந்து யாரோ அபகரிப்பதாக நினைக்கிறோம். என் மேஜைக்கு வருபவை பெரும்பாலும் அப்படி இல்லை. டிசைனர், பிரிந்துபோன பங்காளி, வேலையை விட்டுப் போன ஊழியர், ஒரு முறை மைத்துனர். எல்லாம் தெரிந்த முகங்கள்தான்.

டொமைனை நாம் ‘வாங்குவதாக’ச் சொன்னாலும் அது வருடக் கணக்கில் எடுக்கும் பதிவுதான். விற்கும் நிறுவனம் அந்தப் பெயருக்கு டிரேட்மார்க் யாரிடம் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் அதற்கு வாடிக்கையாளர். டிரேட்மார்க்கின் கதை வேறு. அது நாட்டுக்கு நாடு தனி, பொருளுக்குப் பொருள் தனி. சமையல் எண்ணெய்க்கு, டிரேட்மார்க் பட்டியலில் அதற்கான 29ஆம் வகுப்பில், ஒருவர் வைத்திருக்கும் பெயரை, டிராக்டர் உதிரிபாகத்துக்கு இன்னொருவர் நியாயமாகவே வைத்திருக்கலாம். ஆனால் அந்தப் பெயரில் டாட் காம் உலகத்துக்கே ஒன்றுதான்.

அமெரிக்காவில் உஸி நிஸ்ஸான் என்பவர் தன் குடும்பப் பெயரில் கம்ப்யூட்டர் கடை நடத்தி, 1994இல் நிஸ்ஸான் டாட் காமைப் பதிந்தார். 1999இல் கார் கம்பெனி வழக்குப் போட்டது. பல வருடம் இழுத்த அந்த வழக்குக்குப் பிறகும், 2020இல் அவர் இறக்கும்வரை டொமைன் அவரிடமே இருந்தது. பெரிய நிறுவனம் கேட்டால் கொடுத்துவிட வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனால் அந்தப் பெயரை வைத்துக்கொள்ள உங்களிடம் சொந்தக் காரணம் ஒன்று இருக்க வேண்டும்.

இந்தியாவில் டொமைனுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. நீதிமன்றங்கள் பழைய ‘பாஸிங் ஆஃப்’ கொள்கையை வைத்தே வேலையை ஓட்டுகின்றன. அடுத்தவர் சரக்கு என்று நினைக்கவைத்துத் தன் சரக்கை விற்காதே என்பதுதான் அது. 1999இல் வேறொருவர் பதிந்த யாஹூ இந்தியா என்ற டொமைனுக்கு டெல்லி உயர்நீதிமன்றம் தடை விதித்தது. ‘இணையத்தில் வருகிறவர்கள் படித்தவர்கள், ஏமாற மாட்டார்கள்’ என்ற வாதத்தை ஏற்கவில்லை. 2004இல் சிஃபி வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. இணையச் சேவை நிறுவனமான சத்யம் இன்ஃபோவேயின் ‘சிஃபி’ பிரபலமான பிறகு, இன்னொரு நிறுவனம் அதே ஒலியில் ‘சிஃபிநெட்’ என்று டொமைன் பதிந்தது. ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால், தங்கள் ஐந்து நிறுவனர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்தோம் என்றார்கள். உச்ச நீதிமன்றம் அதை நம்பவில்லை. டொமைனும் வணிகப் பெயரைப் போலவே பாதுகாப்புக்குரியது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. இப்படிப்பட்ட ‘முதல் எழுத்து’ விளக்கங்கள் இன்றும் எனக்குப் பதில் நோட்டீஸாக வந்துகொண்டுதான் இருக்கின்றன!

நீதிமன்றம் போகாமலும் வழி உண்டு. டாட் காம் என்றால், உலக அளவில் டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகேன் 1999இல் கொண்டுவந்த நடைமுறைப்படி, ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து நிறுவனமான வைப்போ போன்ற அமைப்பிடம் புகார் கொடுக்கலாம். மூன்றை நிரூபிக்க வேண்டும்: டொமைன் உங்கள் டிரேட்மார்க் குறியோடு குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கிறது, எதிராளிக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிந்தார், கெட்ட எண்ணத்தோடு பயன்படுத்தவும் செய்கிறார். கடைசியில் வரும் அந்த ‘உம்’தான் ஆளைக் கவிழ்க்கும். உங்கள் பெயர் பிறப்பதற்கு முன்பே ஒருவர் டொமைன் பதிந்திருந்தால், பதியும்போது உங்களைப் பற்றிய கெட்ட எண்ணம் எப்படி வரும்? டாட் இன் டொமைனுக்கு, அதை நிர்வகிக்கும் இந்திய அமைப்பான நிக்ஸி வைத்திருக்கும் விதியில் அந்த இடத்தில் ‘அல்லது’ இருக்கிறது. இரண்டில் ஒன்று போதும். டாட் இன்னை மலிவு என்று ஒதுக்குகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

2024 அக்டோபரில் டெல்லி இளைஞர் ஒருவர் ஜியோஹாட்ஸ்டார் டொமைனை வைத்துக்கொண்டு, ரிலையன்ஸ் தன் கேம்பிரிட்ஜ் படிப்புக்குப் பணம் தர வேண்டும் என்று கேட்டது நினைவிருக்கும். பலர் ‘புத்திசாலிப் பையன்’ என்றார்கள். ஐகேன் விதியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், குறியின் சொந்தக்காரரிடமே விற்றுச் செலவுக்கு மேல் லாபம் பார்ப்பதற்காகப் பதிவது கெட்ட எண்ணத்துக்கு முதல் சாட்சி. அப்படிக் கடிதம் எழுதிவிட்டு என்னிடம் வந்தால் நான் செய்வதற்கு அதிகம் இருக்காது.

சரி, எண்ணெய்க்காரர் விஷயம். டிரேட்மார்க் பதியவே இல்லை. தனி நபருக்கு ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய்தான் அரசுக் கட்டணம். அதையும் தள்ளிப்போட்டிருந்தார். பதியாத குறிக்கும் உரிமை உண்டு, ஆனால் அதற்கு அந்தக் கட்டைப் பையில் இருந்ததெல்லாம் வேண்டும். வைப்போவுக்குப் போனால் கட்டணமே 1,500 டாலர். ஜெயித்தாலும் டொமைன்தான் கிடைக்கும், நஷ்டஈடு கிடைக்காது. அதோடு, இது இரண்டு பேருக்குள் நடக்கும் பணத் தகராறு, கோர்ட்டுக்குப் போங்கள் என்று சொல்லவும் வாய்ப்பு அதிகம்.

அந்தத் தம்பிக்குச் சேர வேண்டிய பராமரிப்புக் கூலி பாக்கி இருந்தது உண்மை. நோட்டீஸும் அனுப்பினேன், பாக்கியைக் கொடுத்துவிடுங்கள் என்று கட்சிக்காரரிடமும் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் இன்னொரு கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. டொமைன் காலாவதியாகும் தேதி. புதுப்பிக்காமல் விட்டால் டாட் காமுக்குச் சில வாரம் சலுகை, பதிவு நீக்கப்பட்ட பிறகு 30 நாள் மீட்புக் காலம், அப்புறம் 5 நாள். அதோடு எவரும் எடுத்துக்கொள்ளலாம். இதற்கென்றே காத்திருக்கும் மென்பொருள்கள் உண்டு. அப்போது எதிராளி அந்தத் தம்பிகூட இல்லை, முகம் தெரியாத யாரோ.

பாக்கியைக் கொடுத்தார். டொமைன் கைமாறியது. டிரேட்மார்க் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வந்த அன்று டாட் இன் காலியாக இருப்பதைக் காட்டினேன். அங்கேயே உட்கார்ந்து வாங்கினார். இந்த முறை ஓடிபி அவர் போனுக்கு வந்தது.