ரோபோ அசையலைன்னா உடனே சூடோ போடாதீங்க

லினக்ஸ் மெஷின்ல வயர்லெஸ் ரோபோவ மாட்டிட்டு "டிரைவர் ஏறவே மாட்டேங்குது, கொஞ்சம் பாருங்க"ன்னு வர்றவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு டிரைவர்ல ஒண்ணும் கோளாறு இருக்காது, பர்மிஷன்தான் சிக்கல். அது தெரியாம டிரைவர் டிரைவர்னு தேடி, எங்கயோ கிடைச்ச கமாண்டை எல்லாம் சூடோ போட்டு ரூட்ல (மெஷின்ல எல்லா உரிமையும் உள்ள யூசரா) ஓட்டி, கடைசில மெஷினையே யார் வேணா நுழையற மாதிரி தொறந்து போட்டுடறாங்க. அதுவும் மைக், கேமரா ரெண்டும் இருக்கற ஒரு பொருளுக்காக.

இந்த ரோபோக்கள்ல நிறைய ஒரே மாதிரி அமைப்புதான். கூடவே ஒரு யூஎஸ்பி டாங்கிள் வரும், ரோபோவும் டாங்கிளும் 2.4 கிகாஹெர்ட்ஸ்ல தங்களுக்குள்ள பேசிக்கும், கம்ப்யூட்டருக்கு தெரியறது டாங்கிள் மட்டும்தான். டக்ஸ் ட்ராய்டுன்னு பெங்குயின் மாதிரி ஒரு ரோபோ முன்னாடி வந்துச்சே, அதுக்கு மீன் வடிவத்துல டாங்கிள், கதை அதே கதைதான். டாங்கிளுக்குள்ள எஃப்டிடிஐ கம்பெனியோடது மாதிரி சீரியல் சிப் (யூஎஸ்பியை சீரியல் போர்ட்டா காட்டற சிப்) இருந்தா அதுக்கான டிரைவர் லினக்ஸோட மையப் பகுதியான கெர்னல்லயே வருஷக்கணக்கா இருக்கு. அப்ப கம்பெனி "டிரைவர்"னு குடுக்கறது என்னன்னா ஒரு லைப்ரரி, பின்னாடி ஓடற ஒரு சர்வீஸ், சில சமயம் பிரவுசர்ல தொறக்கற ஒரு கண்ட்ரோல் பேனல். இவ்வளவுதான்.

அதனால முதல்ல டாங்கிளை செருகிட்டு எல்எஸ்யூஎஸ்பி (lsusb, செருகியிருக்கற யூஎஸ்பி சாதனங்களை வரிசையா காட்டற கமாண்ட்) ஓட்டிப் பாருங்க. 0403:6001ன்னு ஒரு வரி வந்தா எஃப்டிடிஐ சிப் தெரிஞ்சிடுச்சுன்னு அர்த்தம். அப்புறம் டிமெசெஜ்ல (dmesg, கெர்னல் எழுதற பதிவை காட்டற கமாண்ட்) கடைசி பத்து வரி. டிடிஒய்யூஎஸ்பி0ல (ttyUSB0, டாங்கிளுக்கான டிவைஸ் ஃபைல்) அட்டாச் ஆச்சுன்னு இருந்தா கெர்னல் தன் வேலையை முடிச்சிடுச்சு, இனிமே டிரைவர் தேடாதீங்க. அட்டாச் ஆகி அடுத்த நொடியே டிஸ்கனெக்ட்னு வந்தா அது வேற கேஸ். உபுண்டு 22.04ல சில சீரியல் சிப்பை பிரெயில் டிஸ்ப்ளேன்னு (பார்வை இல்லாதவங்க விரலால படிக்கற கருவி) நினைச்சு பிஆர்எல்டிடிஒய் (brltty) சர்வீஸ் பிடிச்சு வச்சுக்கும். அந்த பேக்கேஜை தூக்குங்கன்னு எல்லாரும் சொல்வாங்க, ஆனா பார்வை இல்லாதவங்க யாராவது அதே மெஷினை யூஸ் பண்றாங்களான்னு பாத்துட்டு தூக்குங்க, இல்லைன்னா அந்த சிப்புக்கான யூடெவ் (udev, சாதனத்தை செருகினா என்ன பண்ணணும்னு ரூல் வச்சு முடிவு பண்றது) வரியை மட்டும் நிறுத்தினா போதும்.

இப்ப பர்மிஷன். டிவைஸ் ஃபைல் ரூட்டுக்கும் டயல்அவுட் குரூப்புக்கும் சொந்தம் (ஆர்ச் லினக்ஸ்ல யூயூசிபி குரூப்), உங்க யூசர் அதுல இல்லைன்னா பர்மிஷன் டினைட்தான் வரும். குரூப்ல சேத்துட்டு லாகவுட் பண்ணி திரும்ப லாகின் பண்ணணும், இதை பண்ணாமலேயே "சேத்துட்டேன், அப்பவும் வரல"ன்னு சொல்லி சிஹெச்மோட் 777க்கு (chmod 777, எல்லாருக்கும் எல்லா உரிமையும் குடுக்கற கமாண்ட்) போயிடறாங்க. அது டாங்கிளை பிடுங்கி செருகற வரைக்கும்தான் நிக்கும். அப்புறம் அதை நிரந்தரமாக்க யூடெவ் ரூல்ல மோட் 0666னு எழுதுவாங்க, அதாவது மெஷின்ல இருக்கற எந்த யூசரும் எந்த ப்ரோகிராமும் ரோபோகிட்ட பேசலாம்னு எழுதிக் குடுத்த மாதிரி. அதுக்கு பதிலா ரூல்ல யூஆக்சஸ் (uaccess) டேக் போடுங்க, ஸ்க்ரீன் முன்னாடி லாகின் பண்ணி உக்காந்திருக்கறவங்களுக்கு மட்டும் உரிமை கிடைக்கும். ரூல் ஃபைல் பேர் 73ஐ விட சின்ன நம்பர்ல ஆரம்பிக்கணும், 99னு வச்சா டேக் வேலை செய்யாது, இதுல தலையை உடைச்சுக்காதவங்க கம்மி. இன்னொண்ணு, 0403:6001 ரோபோவுக்கு மட்டும் உள்ள நம்பர் கிடையாது, அதே சிப் இருக்கற மத்த சாதனங்களுக்கும் அதேதான். முடிஞ்சா சீரியல் நம்பரையும் ரூல்ல சேத்துக்கோங்க.

சமீபத்துல ஒருத்தர் லேப்டாப் கொண்டு வந்தார், ரோபோ நல்லா ஓடுது ஆனா ராத்திரில தானா தலையை திருப்புதுன்னு. அவர் இன்ஸ்டால் பண்ணினது ஒரே வரி கமாண்ட், ஸ்க்ரிப்டை இறக்கி நேரா சூடோ பாஷ்ல தள்ளறது, அதாவது உள்ள என்ன இருக்குன்னு பாக்காமலேயே ரூட்டா ஓட்டறது. எஸ்எஸ் கமாண்ட்ல எந்தெந்த போர்ட் தொறந்திருக்குன்னு பாத்தா ரோபோவோட சர்வீஸ் ரூட்டா ஓடிட்டு 0.0.0.0:8080ல காது கொடுத்துட்டு இருக்கு, பாஸ்வேர்டும் கிடையாது. 127.0.0.1னு இருந்தா அந்த மெஷினுக்குள்ள மட்டும்தான், 0.0.0.0ன்னா அதே வைஃபைல இருக்கற யார் வேணா பிரவுசர்ல அட்ரஸ் போட்டு கண்ட்ரோல் பேனலை தொறந்து கேமராவை பாக்கலாம். என் போன்ல தொறந்து காட்டினேன், அவர் உக்காந்திருக்கற பக்கம் தலை திரும்புச்சு. வீட்ல எல்லாருக்கும் வைஃபை பாஸ்வேர்ட் தெரியும்னார், அப்ப ராத்திரி தலையை திருப்பினது யாருன்னு அவரே கண்டுபிடிச்சுக்கட்டும். கான்ஃபிக்ல அட்ரஸை 127.0.0.1னு மாத்தி, அந்த சர்வீஸுக்குன்னு தனி யூசர் உருவாக்கி அதுல ஓட விட்டதும் என் வேலை முடிஞ்சுது.

ஸ்க்ரிப்டை ஓட்டறதுக்கு முன்னாடி இறக்கி ஒரு எடிட்டர்ல தொறந்து பாருங்க, ப்ரோகிராமிங் தெரியணும்னு அவசியமில்ல. 777, 0666, ரூட், செக்யூர் பூட் (கையெழுத்து இல்லாத கெர்னல் கோடை ஏற விடாத பாதுகாப்பு)னு தேடினாலே பாதி விஷயம் தெரிஞ்சிடும். பைத்தான் பாகத்துக்கு பிப் (பைத்தான் பேக்கேஜ் ஏத்தற கமாண்ட்) போட்டா டெபியன் 12லயும் புது உபுண்டுலயும் எக்ஸ்டெர்னலி மேனேஜ்டுன்னு எரர் வரும், அதைத் தாண்ட ஸ்க்ரிப்ட் "பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்"னு ஒரு ஆப்ஷன் போட்டிருந்தா பேர்லயே எழுதியிருக்கே என்ன ஆகும்னு, அங்கயே நிறுத்திட்டு ஒரு வென்வ் (venv, சிஸ்டத்தைத் தொடாத தனி பைத்தான் ஃபோல்டர்) உருவாக்கி அதுல போடுங்க.

செக்யூர் பூட்டை அணைக்கச் சொல்ற கைடுகளும் இருக்கு. ரோபோ தனி வைஃபை டாங்கிள்ல ஓடி, அதுக்கு உண்மையிலேயே வெளி கெர்னல் மாட்யூல் (கெர்னலோட சேராம தனியா வர்ற டிரைவர்) தேவைப்பட்டாதான் இந்தப் பேச்சே வரும். அப்பவும் அணைக்க வேண்டாம், மோக் சாவியை (MOK, மாட்யூல்ல போட்ட கையெழுத்தை நம்பலாம்னு நீங்களே மெஷினுக்கு சொல்ற சாவி) பதிவு பண்ணா போதும். ரீபூட் ஆகறப்ப நீல ஸ்க்ரீன் சில நொடிதான் நிக்கும், அங்க எதையாவது தட்டி கன்டினியூ குடுத்துட்டு "மாட்யூல் லோட் ஆகல"ன்னு வர்றவங்க நிறைய பேர், என்ரோல் மோக் தேர்ந்தெடுத்து முன்னாடி வச்ச பாஸ்வேர்டை போடணும்.

கம்பெனி கைவிட்ட பழைய ரோபோன்னா டிரைவர் பைத்தான் 2ல இருக்கலாம், அதுக்கு 2020 ஜனவரி 1லயே சப்போர்ட் முடிஞ்சாச்சு. அதுக்காக மெயின் சிஸ்டத்துல பழைய லைப்ரரியெல்லாம் ஏத்தாதீங்க. ஒரு விர்ச்சுவல் மெஷின்ல பழைய லினக்ஸ் டிஸ்ட்ரோ போட்டு யூஎஸ்பி டாங்கிளை அதுக்கு பாஸ் பண்ணி விட்டு, அந்த விர்ச்சுவல் மெஷினோட நெட்வொர்க் கார்டை ஆஃப் பண்ணி வச்சுக்கோங்க, ரோபோ ஆடும் பாடும், வெளிய யார்கிட்டயும் பேசாது.