“நாட்டுக் கெண்டைதானே சார்” என்று சொல்லி ஆற்றில் விடாதீர்கள்

போன வாரம் கைப்பேசிக்கு ஒரு காணொலி வந்தது. ஆற்றங்கரையில் நின்று பிளாஸ்டிக் பைகளை அவிழ்த்து மீன்குஞ்சுகளைத் தண்ணீரில் கொட்டுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். அனுப்பியவர் பல வருடப் பழக்கம், ஆற்றுக்காக வெயிலில் நின்று குப்பை அள்ளுகிறவர். “எந்த ஆத்துக் குஞ்சு இது?” என்று கேட்டேன். “பண்ணையில வாங்கினது சார். நம்ம நாட்டுக் கெண்டைதானே!” என்றார்.

இந்த வருடத்தில் இதே பதிலை நான்காவது முறையாகக் கேட்கிறேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நாட்டுக் கெண்டை என்று ஒரு மீன் இல்லை. காவிரிக்கு ஒரு கெண்டை, கிருஷ்ணாவுக்கு ஒரு கெண்டை, தாமிரபரணிக்கு ஒன்று. கடல்மீன் நினைத்தால் நூறு மைல் நீந்திப் போகும். நன்னீர் மீனுக்கு அந்த வசதி கிடையாது. நடுவில் மலை நின்றால் மலைதான் எல்லை. கிருஷ்ணாவும் காவிரியும் ஒரே வங்கக் கடலில்தான் கலக்கின்றன. ஆனால் உப்புத் தண்ணீரைத் தாண்டி ஒரு கெண்டை இன்னோர் ஆற்றின் முகத்துவாரத்துக்குள் ஏறுவதில்லை. இப்படிக் காலங்காலமாகப் பிரிந்து கிடந்த மீன்கள் பலவும் தனித்தனி இனங்களாகிவிட்டன. ஒரே மாதிரி பாறை, ஒரே மாதிரி நீரோட்டம் என்பதால் உருவம் மட்டும் பெரிதாக மாறவில்லை. பார்க்க ஒன்றாக இருப்பதால் ஒன்று என்று முடிவுகட்டுகிறோம். தயவுசெய்து இந்த ஓர் எண்ணத்தை விட்டுவிடுங்கள். செதில் எண்ணிக்கை, துடுப்பு முள் எண்ணிக்கை எல்லாவற்றையும் வைத்து நூறாண்டுக்கு மேல் ஆராய்ந்த வல்லுநர்களே இதில் தவறியிருக்கிறார்கள். பண்ணைத் தொட்டியைக் குனிந்து பார்த்து நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது.

காவிரியின் மஹசீரைப் பாருங்கள், அதுவும் கெண்டைக் குடும்பத்துப் பெரிய மீன்தான். முதுகில் திமில், ஆரஞ்சு நிறத் துடுப்பு, ஐம்பது கிலோவைத் தாண்டும் உடம்பு. வெள்ளைக்காரர் காலத்திலிருந்து உலகமெங்கும் உள்ள தூண்டில்காரர்களுக்கு இதைத் தெரியும். ஆனால் இதற்கு உறுதியான அறிவியல் பெயர் 2018 வரை இல்லை. இன்னொரு பக்கம், மறையூர்ப் பக்கமிருந்து கிழக்கே இறங்கி அமராவதியில் சேரும் பாம்பாற்றில் பிடித்த சிறிய மஹசீர்களை வைத்து டோர் ரேமாதேவி என்று ஓர் இனத்தை முன்பே விவரித்திருந்தார்கள். அந்தச் சின்ன மீனும் காவிரியின் ராட்சத மீனும் ஒன்றாக இருக்கும் என்று பார்த்தவுடன் யாருக்குத் தோன்றும்? காவிரிப் படுகையின் மோயாற்றில் மிஞ்சியிருந்த திமில் மஹசீரின் மரபணுவைப் பாம்பாற்று மீனோடு ஒப்பிட்ட பிறகுதான் இரண்டும் ஓரினம் என்று தெளிந்தது. அதே 2018இல், அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாகச் சர்வதேசச் சிவப்புப் பட்டியலிலும் ஏறியது.

பெயர் கிடைத்தபோது மீன் ஏறக்குறைய முடிந்துபோயிருந்தது. மணல் அள்ளியதும், அணைகளும், வெடிவைத்துப் பிடித்ததும் ஒரு பக்கம். இன்னொரு காரணம் நம் நல்லெண்ணம். 1970களிலிருந்து மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் பொரிக்கப்பட்ட நீலத் துடுப்பு மஹசீர் குஞ்சுகள் பல ஆறுகளுக்குப் போயின, காவிரிக்கும் வந்தன. அது டோர் குட்ரி, புனே அருகே கிருஷ்ணா படுகையில் முதலில் விவரிக்கப்பட்ட மீன். 1998 முதல் 2012 வரை காவிரியில் தூண்டில்காரர்கள் எழுதிவைத்த பிடிப்புக் கணக்கை ஆராய்ந்தபோது, மஹசீர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது தெரிந்தது. ஏறியது நீலத் துடுப்பு. திமில் மீன் சரிந்துகொண்டே வந்தது. “மஹசீர் பெருகிவிட்டது” என்று எல்லோரும் மகிழ்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் காவிரியின் சொந்த மஹசீர் போய்க்கொண்டிருந்தது. இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பெரிய மீனுக்குத்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஓடைக் கல்லிடுக்கில் கிடக்கும் குட்டி விராலை, பாறைக் குறவை என்போமே, அதை இந்தியாவிலும் இலங்கையிலும் நெடுங்காலம் சன்னா கச்சுவா என்ற ஒரே பெயரில்தான் எழுதிவந்தார்கள். அந்தப் பெயர் 1822இல் வங்காளப் பக்க மீனுக்கு வைத்தது. இலங்கை மீனுக்கு 1861இலேயே சன்னா கெலார்ட்டி என்று தனிப்பெயர் கொடுத்திருந்தும் அதைத் தூக்கி மூலையில் போட்டிருந்தார்கள். 2020இல் மரபணுவையும் உருவத்தையும் சேர்த்துப் பார்த்து அந்தப் பெயரை மீட்டார்கள். இலங்கையிலும் தென்னிந்தியாவின் ஒரு பகுதியிலும் இருப்பது அந்த இனம்.

“அப்ப டிஎன்ஏ பார்த்து விட்டா சரியா சார்?” என்று அடுத்த கேள்வி வரும். பாதி சரி. இனத்தை அடையாளம் காண வழக்கமாகப் படிக்கும் பார்கோடு மரபணு, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பது, தாயிடமிருந்து மட்டுமே வருவது. பண்ணையில் இரண்டு இனம் கலந்திருந்தால் குஞ்சு தாயின் பெயரைத்தான் சொல்லும், தகப்பனைக் காட்டாது. அதற்குத் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வரும் உட்கரு மரபணுவும் பார்க்க வேண்டும். (அந்த வேலை மரபணு பார்க்கும் எங்களுக்கே முதுகை ஒடிக்கும்.) மரபணு வரிசைகளைச் சேர்த்துவைத்திருக்கும் தரவுத்தளத்தில் 99 சதவீதம் பொருந்துகிறது என்பதையும் அப்படியே நம்பாதீர்கள். அங்கே ஏற்றியவர் மீனைத் தவறாக அடையாளம் கண்டிருந்தால் உங்கள் மீனுக்கும் அதே தவறான பெயர்தான் வரும். இனம் முதலில் விவரிக்கப்பட்ட இடத்திலிருந்து வந்த மாதிரியோடு பொருந்துகிறதா என்று கேளுங்கள்.

ஆற்றுக்கு உதவ நினைப்பவர்கள் முதலில் குஞ்சு வாங்குவதை நிறுத்துங்கள். மீன் குறைந்திருந்தால் ஏன் குறைந்தது என்று பாருங்கள். மணலும் மடுவும் திரும்பினால், மிச்சமிருக்கும் மீனே பெருகும். விட்டுத்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், அதே படுகையில் பிடித்த தாய்மீனின் குஞ்சு என்பதற்கு எழுத்தில் ஆதாரம் கேளுங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள். வீட்டுத் தொட்டி மீனை வாய்க்காலில் விடவே கூடாது. இரக்கப்பட்டும் விடாதீர்கள்.

சோதனைக்கு அனுப்புகிறவர்களுக்கு: காட்டுப் பகுதி என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் மீனைத் தொடாதீர்கள். மீனைக் கொல்லத் தேவையில்லை. துடுப்பு நுனியில் மிளகளவு போதும். 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். ஃபார்மலினில் போடாதீர்கள், போடாதீர்கள், போடாதீர்கள். அதில் ஊறிய திசுவில் மரபணு சிதைந்துவிடும். போன மாதம் அப்படி வந்த பதினோரு குப்பிகளை ஒன்றும் செய்ய முடியாமல் வைத்திருக்கிறேன். ஆற்றின் பெயர், இடம், தேதி எழுதிய சீட்டைக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். முழு மீனின் பக்கவாட்டுப் படம் ஒன்றும் வேண்டும்.

காணொலி அனுப்பியவரிடம் இன்னொரு தொட்டி நிறையக் குஞ்சு இருக்கிறதாம். அதிலிருந்து இருபது துடுப்பு நுனி கேட்டிருக்கிறேன். முடிவு வரும்வரை அவை தொட்டியிலேயே இருக்கட்டும்.